மலையேறாத சாமி: ‘கொயானிஸ்கட்ஸி’ இசைத்தட்டு

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், வேறு வேலை பார்த்துக்கொண்டே பின்னால் ஓடவிடுகிற ஆல்பம் இல்லை இது. மொத்தம் எட்டுத் துண்டு, 73 நிமிடம், அதில் ஒரே ஒரு துண்டு மட்டும் 21 நிமிடம் ஓடும். பாட்டில் வார்த்தை என்று வருவதே அபூர்வம், வந்தாலும் அது ஹோப்பி என்கிற அமெரிக்கப் பழங்குடி மக்களின் மொழி. நான் முதல் தடவை போட்டபோது பத்தாவது நிமிடத்தில் எரிச்சல் வந்து நிறுத்திவிட்டேன். அப்புறம் ஒருநாள் ராத்திரி கடையைப் பூட்டிவிட்டு மொட்டை மாடியில் விளக்கில்லாமல் உட்கார்ந்து கேட்டேன். அன்றிலிருந்து இந்த மூன்று மாதத்தில் முழுசாக ஏழெட்டுத் தடவை கேட்டாயிற்று. இதைப் பற்றி நம்ம பக்கத்து ஆட்களுக்குச் சொல்லியே ஆக வேண்டும் என்று மனசு கிடந்து அடித்துக்கொள்கிறது.

இசை அமெரிக்க இசையமைப்பாளர் பிலிப் கிளாஸ். காட்ஃப்ரி ரெஜியோ இயக்கி 1982-இல் வந்த படத்துக்காக எழுதியது. படத்தில் கதை கிடையாது, வசனம் கிடையாது, விளக்கிச் சொல்கிற பின்னணிக் குரல்கூடக் கிடையாது. 86 நிமிடமும் காட்சியும் இசையும் மட்டும்தான். ‘கொயானிஸ்கட்ஸி’ என்றால் ஹோப்பி மொழியில் நிலைகுலைந்த வாழ்க்கை என்று பொருள். இன்னொரு மாதிரி வாழச் சொல்லிக் கேட்கிற நிலைமை என்றும் அதே சொல்லுக்கு ஓர் அர்த்தத்தைப் படத்தின் கடைசியில் போடுகிறார்கள், எனக்கு அதுதான் அதிகம் பிடித்தது. தொழில்நுட்பத்தை நாம் கையில் எடுத்துப் பயன்படுத்துகிறோம் என்று நினைப்பதே தப்பு, மூச்சுக் காற்று மாதிரி அதற்குள்ளேதான் இருந்துகொண்டிருக்கிறோம் என்பது ரெஜியோவின் எண்ணம். மனுசனை மிஷின் கெடுத்துவிட்டது என்று யார் வேண்டுமானாலும் பேசிவிடலாம். அதைப் பேசாமல், கேட்கிறவன் உடம்புக்குள்ளேயே உணரவைப்பது சாதாரணக் காரியமா? இந்த இசை அதைச் செய்கிறது.

எனக்கு எப்படி உணர்த்தியது என்று சொல்ல வேண்டுமென்றால் என் பிழைப்பைச் சொல்ல வேண்டும். முக்கூடல் பக்கம் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். பேர்தான் ஜெராக்ஸ், முக்கால்வாசி வேலை ஆன்லைனில் விண்ணப்பம் போடுவது. காலையில் கதவைத் தூக்கியதிலிருந்து ராத்திரி ஒன்பது மணி வரைக்கும் என் வாயில் அதிகம் வருகிற வார்த்தை “ஓடிபி வந்துட்டா?” என்பதுதான். பக்கத்தில் பிரிண்டர் இழுக்கிற சத்தம், லேமினேஷன் மிஷின் உறுமல், நாலைந்து பேர் போனிலிருந்து மாற்றி மாற்றி டிங் டிங் என்று விழுகிற சத்தம், பணம் வந்துவிட்டது என்று சொல்கிற பெட்டியின் குரல்.

எங்கள் ஊர்ப் பக்கம் வீட்டுக்கு வீடு பீடி சுற்றுவார்கள். மடியில் சுளகு, சுளகில் வெட்டிய இலை, தூள், நூல். அப்படி இருபது இருபத்தைந்து வருசம் சுற்றிய ஓர் அக்கா மூன்று மாதத்துக்கு முன்னால் விரல் ரேகை வைக்க வந்தார். கருவியில் வலது பெருவிரலை வைத்தார், சிவப்பு விளக்கு. முந்தானையில் துடைத்துவிட்டு வைத்தார், சிவப்பு. தலைமுடியில் தேய்த்து லேசாக எண்ணெய்ப் பசை ஏற்றி வைத்தார், அப்போதும் சிவப்பு. பத்து விரலையும் பார்த்தாயிற்று. “ரேகை விழல யக்கா” என்றேன். அவர் கையைத் திருப்பி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். விரல் நுனி எல்லாம் சோப்புக் கட்டி மாதிரி வழவழவென்று இருந்தது, தூளின் மஞ்சள் மட்டும் நகக்கண்ணில் ஒட்டியிருந்தது. “அப்ப நான் இல்லங்கியா தம்பி?” என்று கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை. பின்னால் பதினோரு பேர் நின்றார்கள், அடுத்த ஆளைக் கூப்பிட்டேன்.

அன்றைக்கு ராத்திரிதான் மாடியில் உட்கார்ந்து ‘தி கிரிட்’ என்கிற அந்த 21 நிமிடத் துண்டை முழுசாகக் கேட்டது.

அது மெதுவாகத்தான் தொடங்குகிறது. டிராம்போன், ஹார்ன் மாதிரியான பித்தளை வாத்தியங்கள் நீளமாக ஊதிக்கொண்டு, விடியற்காலையில் ஊர் முழிக்கிற மாதிரி கொஞ்சம் கொஞ்சமாக ஏறுகின்றன. இதில் கெட்டது என்ன இருக்கிறது, அழகாகத்தானே இருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருக்கும்போதே சின்தசைசரில் துரிதமான சின்னச் சின்ன ஸ்வரக் கோவைகள் ஓட ஆரம்பிக்கும். அதே கோவை, திரும்பவும் அதே கோவை, ஒரு ஸ்வரம் கூட்டி, பிறகு இரண்டைக் குறைத்து. அதற்கு மேல் கோரஸ் ஏறும். பாடுகிறவர்கள் மனுசர்கள்தான், ஆனாலும் மூச்சு எடுக்க நேரமில்லாதவர்கள் மாதிரி வெட்டி வெட்டிப் பாடுகிறார்கள். சட்டென்று எல்லாம் நிற்கும், அப்பாடா என்று தோன்றும், அந்த அப்பாடாவை முடிப்பதற்குள் முன்னைவிட வேகமாக அடுத்தது பிடித்துக்கொள்ளும். படத்தில் இந்த இடத்தில்தான் ராத்திரிச் சாலையில் கார் விளக்குகள் சிவப்பும் வெள்ளையுமாக ஆறு மாதிரி பாய்கின்றன. தொழிற்சாலையில் வரிசையாக வந்து விழுகிற இறைச்சித் துண்டுகளைக் காட்டிவிட்டு, அதே வரிசையில் நகரும் படிக்கட்டில் வந்து விழுகிற ஜனங்களைக் காட்டுகிறார்கள். காட்சி இல்லாமல் கேட்டாலும் ஒன்றும் குறையவில்லை, எனக்கு என் கடைதான் ஓடியது. பதினைந்தாவது நிமிடம் வாக்கில் என் கை தானாகப் போனைத் தேடியது. யாரும் கூப்பிடவில்லை, ஒன்றும் வரவில்லை, சும்மா கை போகிறது. அந்த ஒரு நொடியில் நெஞ்சுக்குள் ஏதோ புரண்டது போல் இருந்தது.

இந்த மாதிரி திரும்பத் திரும்ப வருகிற அடியை வெள்ளைக்காரன் எங்கே பிடித்தான் என்று தேடிப் பார்த்தால் நம்ம ஊர் வாசல்தான் வருகிறது. 1960-களின் நடுவில் பாரிஸில் படித்துக்கொண்டிருந்த கிளாஸுக்கு, ஒரு படத்துக்காக சிதார் வித்வான் ரவிசங்கர் வாசிப்பதை அங்குள்ள வாத்தியக்காரர்களுக்குப் புரிகிற மேற்கத்திய எழுத்தில் எழுதிக்கொடுக்கிற வேலை கிடைத்தது. எழுத எழுத அடி தப்பியது. தபலா வித்வான் அல்லா ரக்காவும் கூட இருந்தார், எழுதியது சரியில்லை என்று அவர் திருத்தித் திருத்தித்தான், சின்ன எண்ணிக்கைகளைச் சேர்த்துப் பெரிய சுற்றாகக் கட்டுகிற நம்ம தாளக் கணக்கு கிளாஸுக்குப் பிடிபட்டது. பிறகு ஊருக்குத் திரும்பி நியூயார்க்கில் குழாய் வேலை பார்த்தார், டாக்ஸி ஓட்டினார். 1980-இல் காந்தியின் தென்னாப்பிரிக்க நாட்களை வைத்து, பகவத்கீதை சுலோகங்களைச் சமஸ்கிருதத்திலேயே பாடவைத்து ‘சத்தியாகிரகா’ என்று ஓர் இசை நாடகம் போட்டார். அதற்கு அடுத்த வருசங்களில் வந்ததுதான் இது. நியூயார்க் தெருவில் டாக்ஸி ஓட்டிய ஆள் அந்தத் தெருவின் வேகத்துக்கு இசை எழுதியிருக்கிறார் என்று நினைத்துக்கொண்டு கேட்டால் ‘தி கிரிட்’ இன்னும் கிட்டத்தில் வருகிறது.

ஆனால் இந்த இசையின் சூட்சுமத்தை எனக்குச் சொல்லிக் கொடுத்தது கணியான் கூத்தில் மகுடம் அடிக்கிற ஓர் அண்ணாச்சி. நலவாரிய அட்டை புதுப்பிக்க வந்திருந்தார். வழக்கம்போல ஓடிபி வரவில்லை, சர்வர் சுற்றிக்கொண்டே இருந்தது. சும்மா உட்கார்ந்திருக்கிறாரே என்று ஹெட்செட்டைக் காதில் மாட்டி, “அண்ணாச்சி, இந்த அடியைக் கேட்டுச் சொல்லுங்க” என்று ‘தி கிரிட்’டை நடுவிலிருந்து போட்டுவிட்டேன்.

வெளியூர்க்காரர்களுக்கு ஒரு வார்த்தை. கணியான் கூத்து எங்கள் திருநெல்வேலிச் சீமையின் சொத்து. சுடலைமாடன் கோயில் கொடையில் அண்ணாவி கதை பாட, பெண் வேசம் கட்டியவர்கள் ஆட, இரண்டு மகுடம் அடிப்பார்கள். வட்டச் சட்டத்தில் தோல் கட்டிய பறை அது, ஒன்று மேலே நிற்கும், ஒன்று கீழே நிற்கும். கூத்துக்கு முன்னால் தீ மூட்டித் தோலைக் காய்ச்சி, விரலால் தட்டித் தட்டிப் பார்ப்பார்கள். நடுச்சாமத்தில் அடி ஏற ஏறச் சாமியாடிக்கு அருள் வரும். தீப்பந்தத்தைத் தூக்கிக்கொண்டு சுடலை வேட்டைக்குப் போகும்போது பக்கத்தில் நிற்கிறவனுக்கு மயிர்க்கால் குத்திட்டு நிற்கும். ஏறுகிறது மட்டும் அங்கே வித்தை இல்லை. ஏறிய அடியை எந்த இடத்தில் பிடித்து எப்படி இறக்குவது என்பது தெரிந்தவன்தான் மகுடக்காரன். அவன் இறக்கினால்தான் சாமி மலையேறும், ஆடினவன் திருநீறு வாங்கி, தண்ணீர் குடித்து, பழையபடி நம்ம பக்கத்து வீட்டுக்காரனாக உட்காருவான்.

அண்ணாச்சி முதலில் அசையாமல் கேட்டார். அப்புறம் வலது கை விரல்கள் மேசைக் கண்ணாடிமேல் தட்ட ஆரம்பித்தன. உதடு எண்ணிக்கொண்டே இருந்தது. ஒரு கோவை மாறுகிற இடத்தில் விரல் தப்பியது, தலையை ஆட்டிக்கொண்டு அடுத்த சுற்றில் சரியாகப் பிடித்துவிட்டார். நான் எட்டுத் தடவை கேட்டும் பிடிக்க முடியாத இடம் அது! ஆறேழு நிமிடம் கழித்து, துண்டு வெட்டுப்பட்ட மாதிரி படக்கென்று நின்றதும், ஹெட்செட்டைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

“நல்லாத்தான் அடிக்கான் தம்பி. கணக்கெல்லாம் சுத்தமா இருக்கு. ஆனா ஏத்திக்கிட்டே போறானே தவிர எறக்க மாட்டேங்கான். இப்படி அடிச்சா வந்த சாமி எப்படி மலையேறும்? ஆடுதவன் செத்துல்லா போவான்.”

இதைவிட நல்ல விமர்சனத்தை நான் எங்கேயும் படிக்கவில்லை. ‘தி கிரிட்’ இறங்குவதில்லை. உச்சத்தில் வைத்தே அறுத்துவிடுகிறார்கள். கேட்டு முடித்த பிறகு ரொம்ப நேரம் காதுக்குள் ஓடிக்கொண்டே இருக்கிறது, கடையைப் பூட்டிய பிறகும் எனக்கு டிங் சத்தம் ஓடுகிறதே அதே மாதிரி. இதற்கு ஏன் ஓய்வே வைக்கவில்லை என்று நான் முதலில் குறைப்பட்டது தப்பு. நம்மை ஆட்டுகிற அடி நிற்காது, நிறுத்துகிற மகுடக்காரன் அங்கே கிடையாது என்பதுதான் விசயமே.

மிஷினைப் பற்றி இதற்கு முன்னாலும் ஆர்க்கெஸ்ட்ரா இசை வந்திருக்கிறது. இசையமைப்பாளர் ஹோனகர் 1923-இல் எழுதிய ‘பசிபிக் 231’ ஒரு நீராவி எஞ்சின் கிளம்பி வேகம் எடுக்கிறதை ஆறேழு நிமிடத்தில் வாத்தியங்களிலேயே கொண்டுவருகிறது. சோவியத்தில் மொசொலோவ் அதே பத்தாண்டில் இரும்பு உருக்கும் ஆலையை இசையாக்கினார், மேடையில் உலோகத் தகட்டையே அதிர வைத்து. இரண்டையும் கேட்டேன், இரண்டும் பிடித்தது. அவர்கள் காலத்தில் மிஷின் ஊருக்கு வந்த விருந்தாளி, அதை வாய் பிளந்து பார்த்த சந்தோசம் அந்த இசையில் இருக்கிறது. முக்கியமாக ஹோனகரின் எஞ்சின் கடைசியில் பிரேக் போட்டு நிற்கிறது. செங்கோட்டை பாசஞ்சர் சேரன்மகாதேவியில் வந்து நிற்கிறதே, அந்த மாதிரி ஒரு நிறைவு. அறுபது வருசத்துக்குள் கிளாஸ் கையில் வந்தபோது பிரேக் காணாமல் போய்விட்டது.

மற்ற துண்டுகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். முதல் துண்டு மூன்றரை நிமிடம்தான். ஆர்கனில் ஓர் அடிநாதம் படிப்படியாக இறங்கிக்கொண்டே இருக்க, கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி ஓர் ஆண் குரல் ‘கொயானிஸ்கட்ஸி’ என்று மட்டும் சொல்லும். ‘ஆர்கானிக்’ எனக்கு இழுவையாகத்தான் பட்டது, பாலைவனப் பாறைகளைப் பார்த்துக்கொண்டே கேட்டால் பொருந்துகிறது, தனியாகக் கேட்டால் இல்லை. ‘கிளவுட்ஸ்கேப்’ அப்படியே எதிர். ஆனி மாசம் நாகர்கோவில் பஸ்ஸில் ஜன்னல் ஓரமாக உட்கார்ந்து, பணகுடி தாண்டி ஆரல்வாய்மொழி கணவாயை நெருங்கும்போது கேட்டேன். மலைமேல் சாரல் மேகம் உருண்டு விழுகிறது, கீழே வரிசை வரிசையாகக் காற்றாலைகள் சுற்றுகின்றன, காதில் பித்தளை வாத்தியங்கள் முழங்குகின்றன. அந்த நாலரை நிமிடத்தை மறக்கவே மாட்டேன். அடுத்து வருகிற ‘ரிசோர்ஸ்’ படத்தில் சுரங்கத்துக்கும் அணைக்கும் பாலைவனத்தில் நடந்துபோகிற மின்கோபுரங்களுக்கும் உரியது. கூடங்குளத்திலிருந்து நம்ம வயல்களுக்கு நடுவே வருகிற கோபுரங்களைப் பார்த்துப் பழகியவர்களுக்கு அதை விளக்க வேண்டாம். ‘வெசல்ஸ்’ வெறும் மனிதக் குரல்களோடு தொடங்குகிறது, படத்தில் கானலில் நெளிந்துகொண்டு ஒரு பெரிய விமானம் நம்மைப் பார்த்து வந்துகொண்டே இருக்கும். ‘ப்ரூயிட் ஐகோ’ செயின்ட் லூயிஸ் நகரில் ஏழைகளுக்காகக் கட்டி, இருபது வருசம் ஆவதற்குள் 1972-இல் வெடி வைத்து இடிக்க ஆரம்பித்த அடுக்குமாடிக் குடியிருப்பைப் பற்றியது. அதில் நடுவே ஆர்க்கெஸ்ட்ரா மொத்தமும் சரிந்து விழுகிற இடத்தில் சத்தத்தைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் தூக்கிவாரிப் போடும்.

குறையும் இருக்கிறது. சின்தசைசர் சத்தம் சில இடங்களில் அந்தக் கால டிவி விளம்பரத்தை ஞாபகப்படுத்துகிறது. அதைவிடப் பெரிய குறை, இந்த இசையில் கை இல்லை. வேகம் இருக்கிறது, கூட்டம் இருக்கிறது, ஆனால் ரேகை தேய்ந்த அந்த அக்காவின் விரல் இருக்கிறதா என்று தேடினால் கிடைக்கவில்லை. ரெஜியோவும் கிளாஸும் சேர்ந்து 1988-இல் எடுத்த அடுத்த படம் ‘பொவாக்கட்ஸி’ உழைக்கிற ஏழை நாடுகளைக் காட்டுகிறது. பிரேசில் தங்கச் சுரங்கத்தில் மண் மூட்டையைச் சுமந்துகொண்டு செங்குத்தாக ஏறுகிறவர்களில் தொடங்குகிறது. இசையிலும் தாளவாத்தியம் கூடுதல், பிள்ளைகளின் குரல் வருகிறது. ‘கொயானிஸ்கட்ஸி’ பிடித்தவர்கள் அதையும் சேர்த்தே கேட்க வேண்டும், ஒன்றில்லாமல் ஒன்று பாதிதான்.

எந்தப் பதிவு வாங்கலாம் என்றால், 1998-இல் நான்ஸச் நிறுவனம் வெளியிட்ட மறுபதிவு. இசைக்குழுவை நடத்தியவர் மைக்கேல் ரீஸ்மன், அந்த 73 நிமிடம் இதுதான். 1983-இல் முதலில் வந்த தட்டு சுமார் முக்கால் மணி நேரம்தான், நிறைய வெட்டியிருப்பார்கள். காசு கட்டாமல் செயலியில் கேட்டால் நடுவில் விளம்பரம் விழும். நான் ஒரு செயலியில் அப்படிக் கேட்டபோது கடைசித் துண்டான ‘ப்ராபெசீஸ்’ தொடங்குகிற அமைதியில் கடன் வேண்டுமா என்று ஒரு குரல் வந்து எல்லாவற்றையும் கெடுத்துவிட்டது. அதனால் விலை கொடுத்து இறக்கி வைத்துக்கொண்டு, போனை ஏரோப்ளேன் மோடில் போட்டுவிட்டுக் கேளுங்கள். மலிவான சின்ன இயர்போன் வேண்டாம், முதல் துண்டின் அந்த ஆழக் குரலும் ஆர்கனின் கீழ்நாதமும் அதில் சரியாகக் கேட்காமல் போகலாம். காதை முழுசாக மூடுகிற ஹெட்செட் எண்ணூறு ரூபாய்க்கு வாங்கினதுதான் நான் வைத்திருக்கிறேன், தாராளமாகப் போதும். புதிதாகக் கேட்கிறவர்கள் முதல் நாள் ‘கிளவுட்ஸ்கேப்’ மட்டும், இரண்டாம் நாள் ‘தி கிரிட்’, அதுவும் பிடித்தால் மூன்றாம் நாள் முதலிலிருந்து கடைசி வரைக்கும்.

கடைசி என்றால் ‘ப்ராபெசீஸ்’, பதின்மூன்றரை நிமிடம். ஹோப்பிகளின் தீர்க்கதரிசனங்களைக் கோரஸ் பாடுகிறது. பூமியிலிருந்து விலைமதிப்பான பொருளைத் தோண்டி எடுத்தால் அழிவைக் கூப்பிட்டுக்கொள்கிறோம் என்பது அதில் ஒன்று. படத்தில் அப்போது ஒரு ராக்கெட் மேலே போய், வெடித்து, அதன் ஒரு துண்டு தீயோடு சுழன்றுகொண்டு கீழே வருகிறது, வந்துகொண்டே இருக்கிறது. அந்த வெடிப்பு 1962-இல் வெடித்த அட்லஸ் சென்டார் ராக்கெட்டுடையது. முதலில் கேட்ட அதே ஆர்கன், அதே இறங்குகிற நாதம், அதே குரல் திரும்ப வருகிறது. 73 நிமிடத்தில் அடி இறங்குகிறது என்று சொல்லக்கூடிய இடம் அது ஒன்றுதான் என்று எனக்குப் படுகிறது, ஆனால் அதை மலையேறுதல் என்று சொல்லலாமா, வேறு ஏதாவது பேர் இருக்கிறதா என்று எனக்குத் தீர்மானமாகச் சொல்லத் தெரியவில்லை.

அண்ணாச்சி இந்தத் துண்டை இன்னும் கேட்கவில்லை. அன்றைக்குச் சாயங்காலம் வரைக்கும் ஓடிபி வராததால் கிளம்பிப் போய்விட்டார். போன வாரம் ஒரு வழியாக விண்ணப்பம் ஏறிவிட்டது, அட்டை வந்ததும் போன் பண்ணுகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். அவர் வரும்போது மதியச் சாப்பாட்டு நேரமாகப் பார்த்து வரச் சொல்லி, கதவைப் பாதி இறக்கிவிட்டு, பிரிண்டரையும் அணைத்துவிட்டு, பதின்மூன்றரை நிமிடமும் அவர் காதில் மாட்டி உட்காரவைக்கப் போகிறேன்.